வெள்ளிப்பூண் தடிக்காரர் கேட்ட பாட்டு

காஜா பேராங், மலாக்கா
12-11-1957

அன்பு மகள் விஜயாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், சிங்கப்பூரில் நீ சுகமாக இருக்க வேண்டுமே என்ற பயத்தில்தான் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் முதல் இசைத்தட்டுத் தொகுப்பு வந்து சேர்ந்தது, மூன்று தட்டு, ஆறு பாட்டு, அட்டையில் உன் படம். நம் வீட்டில் ஏது கிராமபோன், தம்பிராஜா தன் ரேடியோக் கடையில் வைத்துத் தெருவுக்கே போட்டுவிட்டான். செமாபோக் பொன்னம்மா வந்து, ரப்பர் பால்வெட்டுப் பாட்டில் மேளக்காரன் உன் குரலை அமுக்கிவிட்டான் என்றாள், குறை சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி கருணாகரனுக்கு மலாய்தான், தமிழ் வராதே, ஆனாலும் செடாப் செடாப், அருமை அருமை என்று தொடையில் தாளம் போட்டுக் கேட்டார், கடைசிப் பாட்டு வந்ததும் கையை நிறுத்திவிட்டு, இது சாவு வீட்டுப் பாட்டா என்று மலாயில் கேட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கடைசிப் பாட்டை ஏனடி பாடினாய்? அது என் தம்பி மருதமுத்துவுக்கு நான் தோட்டத்தில் அழுத ஒப்பாரி. நடந்ததை நடந்தபடி சொல்லித்தானே ஒப்பாரி வைப்போம், நீ அதை வெறும் பாட்டு என்று நினைத்து வரி மாறாமல் பாடிவிட்டாய். “வெள்ளிப்பூண் தடிக்காரன் வெளியே வான்னு கூப்பிட்டானே, சாப்பிட்ட கை காயலையே, தம்பி சாஞ்ச எடம் தெரியலையே.” அப்போது உனக்குப் பதினொரு வயது. அந்தத் தடி நம் தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணி ராஜரத்தினத்துடையது. உன் மாமாவை யூனியன்காரன் என்று காட்டிக் கொடுத்து போலீஸ் லாரியில் ஏற்றிவிட்டவர் அவர்தான். உன்னிடமும் சொன்னதில்லை, அப்போது துறைமுக வேலைக்குப் போயிருந்த அப்பாவிடமும் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் அரிவாளைத் தூக்கியிருப்பார். வாயை மூடிக்கொண்டு இருந்தது என் தப்பு.

சனிக்கிழமை அந்த ராஜரத்தினம் கடைக்கு வந்து கடைசிப் பாட்டை மட்டும் மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். உனக்குச் சிங்கப்பூரில் பொன்னாடை போர்த்தப் போகிறாராம். அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்து உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தார், பாவி மனுஷன், அடுப்படியிலிருந்து நான் ஓடி வருவதற்குள் காகிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. மெர்டேக்கா சுதந்திர விழா மேடையில் போலீஸ் அதிகாரிகளோடு உட்கார்ந்தவர் அவர். அவசரகாலம் இன்னும் முடியவில்லை, இது கம்யூனிஸ்ட் பாட்டு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் உன்னையும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஒரு உயிரைக் கொடுத்தது போதும், என்னால் இன்னொரு ஒப்பாரி வைக்க முடியாது.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் புறப்படுகிறார். அதற்குள் ஜொகூரில் மீனாச்சி அத்தை வீட்டுக்குப் போய்விடு, கூட இருக்கும் பெண்களிடமும் சொல்லாதே. தண்ணீர் மாறும், சுட வைத்துக் குடி. தாயே மாரியம்மா உனக்குத் துணை, நூறு வயது இருக்க வேண்டும் நீ.

ஒன்றை மறந்துவிடாதே. சிங்கப்பூர் போகிறவர் கையில் கடிதம் கொடுத்தனுப்புவது வழக்கமாயிற்றே, இந்தத் தபால் போக இன்னொரு கடிதத்தை ராஜரத்தினமே என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். நமக்கு வேண்டியவர், கதவைத் திற என்று அதில் எழுதியிருக்கிறேன், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், வேறென்ன எழுதுவேன்? அதுவும் என் கையெழுத்துதான் கண்ணு. அந்தக் கடிதத்தை வாங்க நீ அங்கே இருக்காதே.

உன் அம்மா
காமாட்சி