குண்டு விழாத இடம்

12-4-1942, மதுரை
விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்த சேதி வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. யுத்தம் முடியும்வரை யாரிடமும் கையேந்தாமல் பிழைக்க ஓர் இடம் பார்க்கப் போகிறாராம், ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு. பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

20-4-1942
திரும்பிவிட்டார். தேவதானப்பட்டி ஆகாது – ரோட்டோரம், பட்டாளம் வரும். நான் பிறந்த அனுமந்தன்பட்டியும் ஆகாதாம். பெரியாறு அணையை உடைத்துவிட்டால் வாய்க்கால் வறண்டு வயல் கருகிவிடுமாம். மயிலாடும்பாறைக்கும் அப்பால் மலையடியில் ஓரிடம் கண்டிருக்கிறார். வற்றாத ஓடை, கேப்பை விளையும் காடு, புளி, விறகு, காலி வீடு. உப்பும் தீப்பெட்டியும் வாங்கினால் போதுமாம். வீடு ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்டேன். எனக்கு எதிலும் நொட்டை சொல்லத்தான் தெரியும் என்றார்.

13-5-1942
வந்து சேர்ந்தோம். ஓடையை விட்டு மகள் அன்னத்தாயை இழுத்து வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆறு வயதில் இப்போதுதான் ஓடுகிற தண்ணீரைப் பார்க்கிறாள். மதுரையில் குழாயடியில் சண்டை போட்ட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

15-5-1942
விறகு பொறுக்க வந்த கருத்தம்மாள் பொழுது சாயுமுன் கிளம்பினாள். எல்லோருமே அப்படித்தானாம்.
"ராத்தங்குனா மலைக்காய்ச்சல் வந்துரும் தாயி. இந்த வீட்டுல இருந்தவுகளும் அதுலதான் போய்ச் சேந்தாக."
இவரிடம் சொன்னேன். நம்மை விரட்டிவிட்டுக் காட்டை வளைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்றார்.

2-7-1942
நல்ல மழை. கேப்பை முளைத்திருக்கிறது. இவர் முகத்தில் சிரிப்பு.

19-7-1942
அன்னத்தாய்க்குக் குளிர்காய்ச்சல். கம்பளிமேல் கம்பளி போட்டும் உதறல் நிற்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது.

23-7-1942
மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரைக்காக ஆண்டிபட்டி, தேனி என்று அலைந்து வெறுங்கையோடு வந்தார். ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து அங்கிருந்து சரக்கே வருவதில்லையாம், இருப்பதும் பட்டாளத்துக்காம். வீட்டில் மூட்டை மூட்டையாக உப்பு, டின் டின்னாக மண்ணெண்ணெய் – எதைக் கரைத்துக் கொடுக்க? பிள்ளையத் தூக்குங்க, மதுரைக்கே போயிருவோம்னு கத்திட்டேன். வண்டி காலையில்தான் வருமாம்.

24-7-1942
வண்டி வந்தது. திருப்பி அனுப்பிவிட்டோம்.

18-10-1942
கேப்பை நன்றாக விளைந்திருக்கிறது. களத்தில் குவித்துவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

மதுரையிலிருந்து என் அண்ணன் சங்கரலிங்கம் வந்திருக்கிறார். அங்கே ஒரு குண்டும் விழவில்லையாம். ஊரை விட்டுப் போனவர்களெல்லாம் திரும்பிவிட்டார்களாம். இவர் துணிமணியைக் கட்டி வைத்துவிட்டார். என்னிடம் பேசத் தைரியமில்லை, அண்ணனை விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"அவரக் கூட்டிட்டுப் போங்கண்ணே. அன்னத்தாய இங்கன மண்ணுக்குள்ள ஒத்தையில விட்டுட்டு நான் வரல."

அண்ணன் அழுதார். இவர் அழவில்லை. இரண்டு பேரும் நாளைக் காலை கிளம்புகிறார்கள்.

எனக்கு நேற்றிலிருந்து குளிர்கிறது. அண்ணனிடம் சொல்லவில்லை.