சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு நாள்

என் பிரியமான பேச்சியம்மா மதினிக்கு,

மழை ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை வைகாசி முடிவதற்குள்ளேயே இறங்கிவிட்டது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை இரண்டு வாரம் முன்னாலேயே விறகுக்காகக் கட்டிக்கட்டி உள்ளே அடுக்கிவிட்டேன். உப்புச் சட்டியை அடுப்பு ஓரத்துக்கு நகர்த்தியாயிற்று. கொழுந்தெடுக்கப் போகுமுன் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவிக்கொள்கிறேன், அட்டை ஏறுவதில்லை. எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். நீங்கள் இருந்தபோது ஒரு தடவையாவது 'சரி மதினி' என்று சொல்லியிருக்கிறேனா?

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் இந்தக் கேரளத்து எஸ்டேட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமக்கவும், தை மாசத்து உறைபனியில் விரல் விறைத்தால் அக்குளில் வைத்துச் சூடேற்றவும் நீங்கள்தான் காட்டித்தந்தீர்கள். கல்யாணமாகி, எஸ்டேட் கொடுத்த அதே லயத்து வரிசையில் உங்கள் பக்கத்து வீடே எங்களுக்குக் கிடைத்தபோது என்னைவிட நீங்கள்தான் அதிகம் சந்தோஷப்பட்டீர்கள்.

அந்தச் சந்தோஷத்தை நான்தான் கெடுத்தேன். ஏலப்பாறையிலிருந்து என் மாமியார் முதல் தடவையாக வந்திருந்த அன்று, நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வழக்கம்போல உள்ளே வந்து சட்டியை எட்டிப்பார்த்தீர்கள்.

"ஏட்டி, புளியை வடிகட்டாமலா ஊத்துன? கோது மிதக்குது பாரு."

மாமியார் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"இது என் வீடு மதினி. உங்க அடுப்பை நீங்க பாருங்க. இங்க வந்து எனக்குச் சொல்ல வேண்டாம்."

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு என் வாசற்படியை மிதிக்கவே இல்லை.

ஆனால் லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரைவரை போவதில்லையே. மேலே ஒரு முழம் திறப்பு. மறுநாள் காலையிலேயே உங்கள் அடுப்படியிலிருந்து குரல் கேட்டது. யாரிடமோ பேசுவது போல உரக்கச் சொன்னீர்கள்:

"மேகம் கறுத்துட்டு வருது. வடகம் காயப்போட்டவங்க இப்பமே எடுத்துட்டா நல்லது."

உங்கள் வீட்டில் யாருமில்லை. அண்ணன் ஃபேக்டரிக்குப் போய்விட்டிருந்தார், உங்களுக்குப் பிள்ளையும் கிடையாது. வடகம் காயப்போட்டிருந்தது நான். காது கேளாதவள் போலக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு ஓடிப்போய் எடுத்தேன். எடுத்து முடிக்கும்போது மழை விழுந்தது.

ஒரு வருஷம் இப்படியே போயிற்று. "கம்பளியை வெயில் இருக்கப்பவே உதறிப்போடணும்." "சளி பிடிச்சா கற்பூரவல்லி இலை வாசல்லயே கிடக்கு." நீங்கள் சுவரைப் பார்த்துச் சொல்வீர்கள். நான் பதில் சொல்லாமல் செய்வேன். என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். எனக்கும் சில நாள் சிரிப்பு வரும். ஒரு நாள் பதிலுக்கு நானும் சுவரைப் பார்த்து ஏதாவது சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கே எல்லாம் சரியாகியிருக்கும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

போன வருஷம் ஆடி மாசம், ஊரோடு போய்விட்ட எங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அண்ணன் தென்காசிக்குப் போனார். அவர் போய் நாலாம் நாள் உங்கள் குரல் நின்றது.

கொழுந்து மலையிலும் உங்களைக் காணோம். கங்காணி கேட்டார், "உங்க மதினியும் ஊருக்குப் போயிட்டாளா?" தெரியாது என்றேன். தெரியாது என்று சொன்னேனே தவிர, வந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் சொன்னார், "பக்கத்துல சத்தமே இல்லையே செண்பகம். போய் என்னன்னு பாரு."

"எல்லாம் வீம்பு. அண்ணன் இல்லாத நேரத்துல நானே போய்க் கெஞ்சணும்னு இருக்காங்க."

அப்படித்தான் சொன்னேன் மதினி. அடுத்த நாளும் அப்படியே இருந்தேன். எப்போதாவது இருமல் கேட்டது. மழைக்காலத்தில் லயத்தில் யார்தான் இருமவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் உங்கள் அடுப்பிலிருந்து புகை வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கதவு சும்மா சாத்தியிருந்தது. கம்பளிக்குள் சுருண்டு கிடந்தீர்கள். நெற்றியைத் தொட்டதும் கை சுட்டது. நீங்கள் கண்ணைத் திறந்து என்ன சொன்னீர்கள் தெரியுமா?

"வந்துட்டியா ஏட்டி... உள்ள வா, சாரல்ல நனையாத."

நான்கு ஆண்கள் கம்பளியில் கட்டித் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். மரம் விழுந்து வழி அடைத்திருந்ததால் ஜீப் வர மத்தியானம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மலையாளத்தில், "ரெண்டு திவசம் முன்பு கொண்டு வந்நிருந்நெங்கில்...", இரண்டு நாள் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால், என்று இழுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மறுநாள் விடியும்போது நீங்கள் போய்விட்டீர்கள். என் கை உங்கள் கையில்தான் இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரவில்லை.

தந்தி கிடைத்து ஓடிவந்த அண்ணன் கேட்டது ஒன்றுதான். "எப்ப இருந்தும்மா காய்ச்சல்?"

"முந்தின நாளுதான் அண்ணே."

அந்தப் பொய்யோடு பத்து மாசம் அவருக்குச் சோறு போட்டேன். அவரோ, "தங்கச்சி பக்கத்துல இருந்ததால அனாதையாப் போகலை அவ" என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் ஏதாவது பாத்திரம் தேய்ப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். சத்தம் நின்றது, கங்காணி கேட்டது, என் வீட்டுக்காரர் போய்ப் பார்க்கச் சொன்னது, எல்லாவற்றையும்.

அண்ணன் கையைத் தட்டிலேயே வைத்திருந்தார். "ரெண்டு நாளா?" என்றார். நடுச்சுவரைத் திரும்பிப் பார்த்து, "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கமா?" என்றார். எழுந்து கை கழுவிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவரே பொங்கிச் சாப்பிடுகிறார். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் மதினி. எனக்கு மழை வருகிறது என்று சொல்ல வாய் திறந்த நீங்கள், உங்களுக்குக் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கூப்பிட்டால் நான் வரமாட்டேன் என்று நினைத்துவிட்டீர்களா? அப்படி நினைக்கும்படி நான்தான் வைத்தேனா?

நேற்றுச் சாயங்காலம் கொஞ்சம் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு போய் அண்ணன் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே இருந்தார், தெரிந்தது. வாசலில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் கிண்ணம் அப்படியே மூடியிருந்தது.

இன்றைக்கும் போவேன். நாளைக்கும் போவேன். அவர் எத்தனை நாள் திறக்காவிட்டாலும் சரி, கோபம் தீரட்டும் என்று என் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க மாட்டேன். உங்களுக்குச் செய்யாததை அவருக்குச் செய்வேன். இது சத்தியம்.

படியேறி வரத் தெரியாமல் போன உங்கள் நாத்தனார்,
செண்பகம்