காயாத சிலுவை

புரூஜ் நகரம்,
தவக்காலம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, லீவினா எழுதுவது. நானும் மகள் காட்லினும் நலம். அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க ஆசைதான், நேரமில்லை. ஈஸ்டருக்குப் படகுக்காரன் வேஷத்தில் வருவதாகச் சொல்லியனுப்பினீர்களே, வராதீர்கள்.

எல்லாம் உங்கள் படத்தால் வந்த வினை. கலகத்தில் நெசவாளர் கொடியைத் தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் முகத்தை வரைந்து வைக்க ஆசைப்பட்டீர்களே, அதே படம்தான். ஓவியர் கில்லிஸ் மினுக்கெண்ணெய் பூசி, வெயிலில் சீக்கிரம் காயட்டும் என்று தெருப்பக்க ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டார். ஊரே பார்த்தது. கோட்டை வாசலில் உங்களைத் தேடும் புதுக் காவலர்களுக்கு உங்கள் பெயர்தான் தெரியும், முகம் தெரியாது. படத்தை அங்கே மாட்டப்போகிறார்களாம். ரொட்டிக்கடை மார்க்ரீட் ஓடிவந்து, "தாடைத் தழும்புகூட அப்படியே இருக்குடி, தலையைக் காட்டினா மாட்டிக்குவார்" என்றாள்.

முகத்தை அழித்துவிடுங்கள் என்று கில்லிஸிடம் கெஞ்சினேன். "அதுக்குப் பதிலா என் கையை வெட்டிப்போடும்மா" என்றார். அப்படியானால் தலைக்கு மேலே சின்னதாகச் சிவப்புச் சிலுவை போடுங்கள் என்றேன். செத்தவர்களுக்குத்தானே அதைப் போடுவது, மனுஷன் அரண்டுபோனார். ஆனாலும் போட்டார். நான் கறுப்பு உடுத்திக்கொண்டு படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாளே காவல் அதிகாரி வந்தார். எப்போது செத்தான் என்று கேட்டார். தப்பிப்போன வழியில் காய்ச்சல் என்றேன். அவர் நம்பவில்லை. படத்துக்கு அருகில் போய்ச் சிலுவையைத் தொட விரலை நீட்டினார். முந்தின நாள் போட்ட வண்ணம், தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால், சாவுக்கதை நேற்றுதான் கட்டியது என்று தெரிந்துவிடும். சட்டென்று மண்டியிட்டு உங்கள் ஆன்மாவுக்காக உரக்க ஜெபிக்கத் தொடங்கினேன். காட்லின் ஓவென்று அழுதாள். அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை, பாவம். செத்தவருக்கான ஜெபத்தில் தொப்பியோடு நிற்க எவனுக்குத் துணிச்சல் வரும்? நீட்டிய கையாலேயே தொப்பியைக் கழற்றினார். கைகூப்பி நின்று, ஆமென் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி இந்த ஊருக்கு நீங்கள் செத்தவர். யார் காலைப் பிடிப்பீர்களோ தெரியாது, கலகத்தை அடக்கிய கோமகனிடம் எப்படியாவது மன்னிப்பு வாங்குங்கள். அந்தச் சிலுவை முழுக்கக் காயக் கோடை வரை ஆகுமாம். அதுவரை துணியால் துடைத்தாலே போய்விடும் என்கிறார் கில்லிஸ். காட்லின் தினமும் படத்தடியில் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடுமோ என்று நான் அதைத் தள்ளித் தள்ளி வைக்கிறேன்.

படித்ததும் இதை எரித்துவிடுங்கள். ஆண்டவர் உங்களை உயிரோடு வைக்கட்டும்.

ஊருக்கு விதவை, உங்களுக்கு மனைவி,
லீவினா