இமைமுடி தைத்த ஏப்ரன்

என் மேடை ராணி,

உன்னைக் கல்லறையில் விட்டுவிட்டு, உன் அம்மா நேராக நம் புர்ஜ் ஹம்மூத் வீட்டுக்குத்தான் வந்தாள், உன் துணிகளை எடுத்துப்போக. அந்த ஏப்ரன் அவள் கையில் சிக்கியது.

“இது என்னோடதாச்சே! யார் இதுல இந்தக் கோமாளி மூஞ்சியத் தச்சது?”

“நான்தாம்மா. சும்மா விளையாட்டுக்கு.”

அதைக் கட்டிக்கொண்டு நீ மேடையில் அவளைப் போலவே தரை துடைத்து ஆடியதைச் சொல்லவில்லை.

நீ மெஷினில் ஓட்டிய சிவப்பு உதடு, அவள் நுனி நூலை இழுத்ததும் மொத்தமாக உருவிக்கொண்டு வந்தது. கையால் தைத்த இமைமுடி வரவில்லை. பல்லால் கடிக்கப் போனவள் நிறுத்தினாள்.

“பொய் சொல்லாத. இந்த முடிச்சு நான் என் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது.”

அதையே கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவ நின்றாள். உன் உதட்டுச்சாயம் ஒட்டிய கோப்பையை ஒளித்துவைத்திருந்தேன். அதையும் தேடி எடுத்துத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

அவளுக்கு இன்னமும் உன் ரூம்மேட்டாக மட்டும் இருக்கிற,
நான்