படிவத்தில் விடுபட்டவள்

மார்ச் 4

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

உன் அண்ணனின் மூத்தவன் இன்ஜினியராகிவிட்டான். முதல் சம்பளத்தில் எனக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தான். நடுவில் உள்ளவள் நீச்சலில் வாங்கிய கோப்பையைத் தெருவுக்கே காட்டிவிட்டேன். கடைக்குட்டி கணக்கில் நூற்றுக்கு நூறு. மூத்தவனுக்குப் பெண் பேசி முடித்தாயிற்று.

உன் மகள், நம் வாயாடிக்கு வயிற்றுப்போக்கு இன்னும் நிற்கவில்லை என்றாயே, வெளிச் சாப்பாட்டைக் குறை. குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் மறுபடி கேட்டால், போன முறை போலவே யாருக்கும் இல்லை என்று எழுது.

உன் அம்மா

மார்ச் 29

அம்மாவுக்கு,

இது சாப்பாட்டால் வந்ததில்லை. பதினோரு வயதில் அவள் எடை கால்வாசி குறைந்துவிட்டது. ரத்த அணுக்களும் அழிகின்றன. கிருமியோடு சண்டை போடும் அணுக்களுக்கு, வேலை முடிந்ததும் "போதும், நிறுத்து" என்று ஒரு சமிக்ஞை போகணுமாம். அதற்கான மரபணுவில் இவளுக்குப் பிறவிக் கோளாறு இருக்கலாம், அதனால்தான் அவை சொந்தக் குடலையே தாக்குகின்றன என்கிறார் டாக்டர். பரம்பரையாக வருவது, சிலருக்கு இருந்தும் வெளியே தெரியாது.

பரிசோதனை முடிவு வர நாளாகும். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் இப்படி இறந்திருந்தால், அதை வைத்தே மருந்தை மாற்றிப் பார்க்கலாமாம். போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய்; அக்கா கிணற்றில் விழுந்து இறந்தாள் என்றாயே, அது நிஜம்தானா?

நேற்று இவள், "என் உடம்புக்கு என்மேல என்னம்மா கோபம்?" என்று கேட்டாள்.

மகள்

ஏப்ரல் 11

மகளே,

உன் அக்கா கிணற்றில் விழவில்லை. ஒரு வருஷம் ரத்தமாகப் போய், கழுத்தில் நெறி கட்டி, ஒன்பது வயதில் என் மடியில் போனாள். நீயும் அண்ணனும் விவரம் தெரியாத வயது. நோய்க் குடும்பம் என்று பெயர் வந்தால் உங்களை யார் கட்டுவார்கள் என்று, ஊரை மாற்றிக்கொண்டு, கிணறு என்று சொல்லிவிட்டேன். சொல்லிச் சொல்லி அந்தக் கிணறு எனக்கே கண்ணில் தெரிகிறது. இப்போது மூத்தவன் கல்யாணத்துக்காக மறுபடி மறைத்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அம்மா

மே 3

அம்மா,

உன் கடிதம் கடல் கடந்து வந்து சேரப் பதினெட்டு நாளாயிற்று. அதற்கு நாலு நாள் முன்னால் அவளுடைய பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தச் சமிக்ஞைக்குப் பதிலாக வேலை செய்கிற மருந்தை ஏற்றுகிறார்கள். உடம்பு சொன்னபடி கேட்கிறது.

ஒரு போன் செய்திருக்கலாம். கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

ஜூலை 20

மகளே,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். அண்ணனையும் பிள்ளைகளையும் பெண் வீட்டாரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனும் நானும் ரத்தம் கொடுத்தோம். அண்ணனுக்கு இல்லை, பிள்ளைகள் தப்பினார்கள். ஆனால் முடிவு வருவதற்குள் பெண் வீட்டார் விலகிவிட்டார்கள். உன் அண்ணி என் முகத்தைப் பார்ப்பதில்லை. கோளாறு எனக்குத்தான் இருக்கிறது. எழுபத்தாறு வயதில் ஒரு நாள் படுத்ததில்லை என்று நான் பீற்றிக்கொண்ட உடம்பு இது.

உன் அக்காவை நான் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. நோயில் முகம் மாறியிருந்தது. தேறட்டும், அப்புறம் எடுக்கலாம் என்றிருந்தேன். வாயாடிக்கு மருந்தில் முகம் வீங்கியிருக்கிறதாம், அண்ணன் சொன்னான். இருக்கட்டும். இப்போது எப்படி இருக்கிறாளோ அப்படியே புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. கூட நீ ஒரு வரியும் எழுத வேண்டாம்.

அம்மா