கண்ணுக்கெட்டும் தூரம்

பிப்ரவரி 11, 2025
சிதம்பரம்

இல்லை, பணம் பெரிதல்ல என்று சொல்லிவிட முடியாது. பெரிதுதான். இப்போது வாங்குவதைப்போல மூன்று மடங்கு.

புதுச்சேரியில் மெடிக்கல் கோடிங் கம்பெனி. அமெரிக்க நோயாளிகளின் வியாதிகளை எண்களாக மாற்றும் வேலை. அக்கா வீட்டுக்காரர் பேசி வைத்திருக்கிறார். சாப்பிடும்போது கேட்டார்: "மொழியியல்ல எம்.ஏ. படிச்சிட்டு, கடலூர்ல பேசாத புள்ளைங்ககிட்ட கைய ஆட்டிக்கினு இருக்க. கேக்குறவங்களுக்கு நான் என்னான்னு சொல்றது?"

"அதுங்க பேசுது மாமா. உங்களுக்குத்தான் கேக்கல."

சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தம்பி சித்தார்த் தலை நிமிராமல் சாப்பிட்டான். பிளஸ் டூ. அடுத்தது காலேஜ்.

பிப்ரவரி 14

சாய்ரா இன்று அவள் வாப்பாவிடம் பேசினாள்!

எட்டு வயது. ஊர் பரங்கிப்பேட்டை, எங்கள் காது கேளாதோர் பள்ளி விடுதியில் இருக்கிறாள். வாப்பா தமீம் அன்சாரி குவைத்தில். வீடியோ காலில் அவர் வாயசைப்பார். இவள் போனைத் தள்ளிவிடுவாள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அவருக்கும் போனிலேயே சைகை சொல்லிக்கொடுத்து வந்தேன்.

இன்று அவளாகவே கேட்டாள்: எப்போது வருவீங்க?

தடுமாறும் விரல்களால் அவர் சொன்னார்: பெருநாளைக்கு.

பிறகு திரையில் வெகுநேரம் மின்விசிறி மட்டும் தெரிந்தது. போனை மல்லாத்தி வைத்துவிட்டு அழுதிருப்பார்.

இதை எந்தச் சம்பளத்தோடு வைத்துப் பார்ப்பது?

பிப்ரவரி 20

அம்மா: "ஊரான் புள்ளைக்கெல்லாம் பேச்சு சொல்லிக் குடுக்குற. நம்ம வூட்டுப் பையன் ஃபீஸ் பத்தி வாயத் தொறக்கவே பயந்துக்கினு கெடக்குறான்."

 

மார்ச் 3

சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 17

தலைமையாசிரியை சௌந்தரம் மேடத்திடம் சொன்னேன். "போறது தப்புன்னு சொல்லமாட்டேன்மா. புள்ளைங்ககிட்ட சொல்லிட்டுப் போ. காணாமப் போயிடாத."

சைகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. பிள்ளைகள்தான் வைப்பார்கள். நான் சேர்ந்த அன்று கூடி ஆலோசித்தார்கள். ஒருவன், ஒல்லி என்றான். சாய்ரா ஒப்பவில்லை. ஒரு விரலை மூக்கின்மேல் வைத்து, இல்லாத கண்ணாடியை மேலே ஏற்றினாள். நான் ஓயாமல் செய்வது. அதுவே என் பெயர்.

மார்ச் 28

சொல்லவில்லை.

நாளை, நாளை என்று கடைசி நாள் வந்துவிட்டது. என் பையைப் பார்த்து சாய்ரா கேட்டாள்: எங்கே? லீவு என்றேன். திரும்பி வருவீங்களா? வருவேன்.

கை மட்டும் சொன்னால் இவர்கள் நம்பமாட்டார்கள். முகமும் சொல்ல வேண்டும். என் முகமும் சொன்னது. ஏன்டி இப்படிச் செஞ்ச?

காது கேட்பவர்களின் விடைபெறுதல் வாசலோடு முடிந்துவிடும். இவர்களுடையது அப்படியில்லை. கண்ணுக்கெட்டும் தூரம்வரை பேசலாம். அவள் கேட்டில் நின்றாள். பஸ் கிளம்பிய பிறகும் பேசுவாள் என்று தெரியும்.

அந்தப் பக்க ஜன்னலில் நான் உட்காரவில்லை.

ஜூலை 9

சித்தார்த்துக்கு இன்ஜினியரிங் சீட். ஃபீஸ் நான் கட்டினேன். அம்மா பாயசம் வைத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 22

கம்பெனி வேன் கடலூர் மஞ்சக்குப்பம் வழியாகத்தான் போகிறது. பள்ளி வரும்போது போனைப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 6

கண்ணாடியை விட்டு லென்ஸுக்கு மாறிவிட்டேன். நன்றாக இருக்கிறதாம்.

காது கேளாமைக்கும் ஓர் எண் இருக்கிறது. இன்று போட்டேன். பிழையில்லை.

டிசம்பர் 7

சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட். புறப்படத் தயாராக நின்ற கடலூர் பஸ்ஸில், ஜன்னலோரம் சாய்ரா. விடுதிக்குத் திரும்புகிறாள். பக்கத்தில் அவள் அம்மா சர்புன்னிசா.

ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கும் முன்—

"டீச்சர்! கண்ணாடி இல்லாம எனக்கு அடையாளமே தெரில. இதுதான் காட்டுச்சு. லீவுல இருக்கீங்களாமே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? இப்ப தேவலையா?"

தேவலை என்றேன்.

சாய்ரா மூக்கின்மேல் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டாள். பிறகு கேட்டாள்: லீவு முடிஞ்சுதா?

என் விரல் தானாக மூக்குக்குப் போயிற்று. ஏற்றிவிட அங்கே ஒன்றும் இல்லை.

இன்னும் இல்லை என்றேன்.

தலையாட்டினாள். நம்பினாள். பஸ் நகர்ந்தது. கையை வெளியே நீட்டிச் சொன்னாள்: வாப்பா வந்தாங்க. நிறையப் பேசினோம். நீங்க இல்ல.

பஸ் திரும்பும்வரை அவள் கை தெரிந்தது. இந்த முறை நின்று பார்த்தேன்.

டிசம்பர் 8

லென்ஸ் போட்டுக்கொண்டேன். வேன் ஏறினேன். பள்ளி தெரியும் பக்கம் இடம் காலியாக இருந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன்.