அன்று நீ காட்டிய வரிசை

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா எழுதுவது. போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய், அதனால்தான் பேனா. அம்மா தினமும் உன் படுக்கை விரிப்பை உதறி உதறிப் போடுகிறாள். கேட்டால் தூசி என்கிறாள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ கோபித்துக்கொண்டு கிளம்பக் காரணமான அந்த டாக்சிக்காரர் வண்டியின் இன்ஜின் பாழானது உன்னால் இல்லை. என்னால்.

போன வாரம் அதே மாடல் வண்டி ஒன்று நம் பட்டறைக்கு வந்தது. இன்ஜின் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே வெறும் எண்கள்தானே? எது பெட்ரோல் அளவு, எது தீப்பொறி விழும் நேரம் என்று பெயர் போட்டுக் காட்டுவது டெஃபனிஷன் ஃபைல். வருடம் மாறினால் எண்கள் இடம் மாறும், ஃபைலும் மாற வேண்டும். சரியான ஃபைலைப் போட்ட பிறகு, ஒரு சந்தேகத்தில் டாக்சிக்குப் போட்ட ஃபைலையும் பக்கத்தில் திறந்தேன். உனக்கு நான் ஏற்றித் தந்தது முந்தைய வருடத்து ஃபைல். திரையில் பெட்ரோல் அளவு என்று இருந்ததைத்தான் நீ கூட்டினாய். அது போய் விழுந்ததோ தீப்பொறி நேரத்தில். தீப்பொறி நேரம் தவறி விழுந்துதான் இன்ஜின் போனது.

நீ அன்றைக்கே கண்டுபிடித்தாய், பாவி! திரையில் இன்ஜின் வேகத்துக்கான எண்கள் வரிசையாக ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறிவந்து திடீரென்று நானூற்றுக்கு இறங்கியதைக் காட்டி, அக்கா இந்த வரிசை கோணலா இருக்கே என்றாய். நோண்டாம வேலையப் பாருடா என்றேன். டாக்சிக்காரர் கத்தியபோது நீ தலைகுனிந்து நின்றாய். நானும் உன்னைத்தான் முறைத்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று அவரிடம் போய், நீ கோணலைக் காட்டியது உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கிழித்துத் தொங்கவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, அந்தத் தம்பி இப்ப எங்கம்மா இருக்கான் என்றார். ஏதோ கிடங்கில் மூட்டை அடுக்குகிறான் என்றேன். அட போங்கம்மா, அந்தக் கண்ணுக்கு மூட்டையா, வரச் சொல்லுங்க, என் வண்டிய இனிமே அவனே பாக்கட்டும் என்றார்.

புதிதாக வந்த வண்டி இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது. ஃபைல் சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாற்றிய எண்களை வண்டியில் ஏற்றவில்லை. ஞாயிறு வரை நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். உன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீ நல்லா இருக்கணும்டா. சனிக்கிழமை பஸ்ஸைப் பிடி. வந்து வரிசைகளைப் பார். எங்கேயாவது கோணலாக இருந்தால் சொல். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

உன் வாயாடி
அக்கா